முற்றிய நோய்க்குத் தடுப்பூசியா?

அம்மை, போலியோ முதலிய நோய்கள் வருமுன் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். நோய் வந்து முற்றிய பிறகு ஊசி போட்டால் பயன் உண்டா? மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயில் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் தோலில் கிளை விரித்த செல்கள் சில உள்ளன. 1868-ல் இவற்றைக் கண்டவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர். அவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் எண்ணினார். 1973-ல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன் எலியின் மண்ணீரலில் இதே இனச் செல்களைக் கண்டு, 'டெண்ட்ரைட்டிக் செல்' என்று பெயரிட்டார்.

இச்செல்லின் வேலை என்ன? ஊர்த் தலையாரி திருடன் விட்டுச்சென்ற துண்டைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுவதுபோல, இது கிருமியின் துணுக்கை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று டி செல்களுக்குக் காட்டுகிறது. அடையாளம் தெரிந்துகொண்ட டி செல்கள் பகைவனைத் தேடி அழிக்கின்றன.

ஆனால் புற்றுச்செல் வெளியாள் அல்ல. நம் உடலின் செல்லே மாறிப்போனது. அதனால் தலையாரி பல சமயம் ஏமாந்துவிடுகிறான். அவனுக்குப் பயிற்சி கொடுத்தால்? நோயாளியின் இரத்தத்திலிருந்து ஒருவகை வெள்ளணுக்களைப் பிரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து டெண்ட்ரைட்டிக் செல்களாக்குகிறார்கள். கட்டியின் துணுக்குகளை அவற்றுக்குக் காட்டி, அதே நோயாளிக்கு ஊசியாகப் போடுகிறார்கள்.

1998-ல் வெளியான ஆய்வில், முற்றிய மெலனோமா நோயாளிகள் 16 பேரில் 5 பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு அதில் இல்லை. 2006-ல் வெளியான ஆய்வில் 108 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த ஊசியும், மறு பிரிவுக்கு வழக்கமான மருந்தும் கொடுத்தார்கள். ஊசி மருந்தை வெல்லவில்லை. கட்டி, டி செல்களை அடக்கிவைப்பதும் இதற்கு ஒரு காரணம். அந்தத் தடையை விலக்கும் மருந்துகள் 2011 முதல் மெலனோமா சிகிச்சையையே மாற்றிவிட்டன.

நம் சென்னையிலும் இம்முயற்சி நடந்தது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், கருப்பைவாய்ப் புற்றுநோய் மீண்டும் வந்த 14 பெண்களிடம் முதற்கட்ட ஆய்வு செய்தார்கள். சிலருக்கு உப்புநீர், சிலருக்குப் பயிற்சி பெறாத செல்கள், சிலருக்குப் பயிற்சி பெற்ற செல்கள். வெறும் உப்புநீர் எதற்கு என்கிறீர்களா? ஊசியால் விளைந்தது எது, தானாக நேர்ந்தது எது என்று பிரித்தறியத்தான்!

ஸ்டைன்மனுக்கே கணையப் புற்றுநோய் வந்தது. தம் செல்களால் ஆன இத்தகைய ஊசிகளையும் போட்டுக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2011-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் முன்பே அவர் காலமாகியிருந்தார்.

சிந்தியுங்கள்: அவர் வாழ்நாளை நீட்டியது ஊசிதான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாதென்றால், ஏன்?