புது மவுஸ் வாங்குவதற்கு முன்

அன்புள்ள இனியனுக்கு,

வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடுகிறது, அம்புக்குறி திரையில் தத்தித் தத்திப் போகிறது, புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு சாயங்காலம் மட்டும் பொறுத்துக்கொள். கோளாறு மவுஸில் இருக்கலாம், லேப்டாப்பில் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் அலை போய்வரும் வழியிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் வாங்கினால், புது மவுஸும் அதே பாடுதான் படும்.

கோளாறு மவுஸில்தானா என்று அறிய ஒரு வழி, மவுஸையும் அதன் ரிசீவரையும் எடுத்துப்போய் அறைத் தோழனின் கணினியில் செருகிப் பார்ப்பது. ரிசீவரை விட்டுவிட்டுப் போகாதே. பெரும்பாலும் ஒரு மவுஸ் தன்னோடு வந்த ரிசீவரோடு மட்டுமே பேசும். அங்கேயும் திணறினால் மவுஸைச் சந்தேகப்படு. பேட்டரியை மாற்று. பழைய பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடை. அடியில் சென்சார் இருக்கும் குழியில் முடியோ தூசியோ ஒட்டியிருக்கிறதா பார். அந்தச் சென்சார் ஒரு சிறிய கேமரா. மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே மவுஸ் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் சாதாரண மவுஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. அடியில் ஒரு நோட்டு அட்டையை வைத்தாலே போதும்.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகிறது என்றால், பெரும்பாலும் பட்டனுக்குக் கீழே உள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கும். அதற்கு மட்டும் புது மவுஸ் வாங்கலாம்.

உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளி ஹார்ட் டிஸ்கில் படங்களை ஏற்றும்போதுதான் மவுஸ் அதிகமாகத் திணறுகிறது என்கிறாய். எனக்குப் பெரிய சந்தேகம் அங்கேதான்.

வயர்லெஸ் மவுஸ்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. யுஎஸ்பி 3.0 வழியாகத் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் எழும் மின்னிரைச்சல் போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் கசிந்து அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஹார்ட் டிஸ்கை ஒட்டிய போர்ட்டில் நகத்தளவு ரிசீவரைச் செருகினால், மேளம் கொட்டுகிற இடத்தில் காதோடு ரகசியம் பேசுகிற கதைதான். மவுஸ் சரியாகவே அனுப்புகிறது, ரிசீவருக்குக் கேட்பதில்லை.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு மவுஸை ஓட்டிப் பார். சீராக ஓடினால் காரணம் பிடிபட்டுவிட்டது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்று. உள்ளே நீல நிறம் இருப்பது பெரும்பாலும் யுஎஸ்பி 3.0, கறுப்பாக யுஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதையே எடுத்துக்கொள். இன்னும் நல்ல வழி, ஒரு யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி ரிசீவரை மேசைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. புது மவுஸின் விலையோடு பார்த்தால் அது சொற்பச் செலவு.

விடுதி வைஃபையும் 2.4-இல் ஓடினால் நெரிசல் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடு.

சற்று நேரம் சும்மா இருந்தபின் மட்டும் மவுஸ் உறைந்துபோகிறது என்றால் அது வேறு நோய். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்கவைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் அப்படித் தூங்கவைக்கும் அனுமதிக்கான டிக்கை எடுத்துவிடு.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பேட்டரி, போர்ட், செட்டிங்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் மவுஸ் ஓடும், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி நின்றால் மறுபடி முதலிலிருந்து தேடவேண்டியதுதான். மாற்றியதையும் நடந்ததையும் ஒரு தாளில் எழுதிவை.

ஹார்ட் டிஸ்க் சோதனையை முதலில் செய். என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

அன்புடன்,
மாமா