கணக்கைப் பற்றி எழுதுபவருக்கும் நீதி வேண்டும்

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சூறா அல்பகராவின் 282ஆம் வசனமான அது, கடனைத் தவணையோடு எழுதுமாறும், எழுதுபவர் நீதியோடு எழுதுமாறும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் பணிக்கின்றது. கணக்கு வைக்கும் முறையைப் பிறருக்கு விளக்கி எழுதுபவருக்கும் இந்த நீதி வேண்டும் என்பது என் கருத்து.

இன்று சிறிய கடைகளிலும் கணக்கீட்டு மென்பொருள் வந்துவிட்டது. அதை விளக்கும் கட்டுரையை வாசிப்பவர் உடனே தம் கடைப் பணத்தைப் பதிகின்றார். ஆகவே அத்தகைய எழுத்துக்குச் சில நியமங்கள் அவசியம்.

முதலாவது, கலைச்சொல். இலங்கைப் பாடநூல்களில் கணக்கின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ‘வரவு’ என்ற ஒரே சொல் இங்கே ஒரு பக்கத்தையும் அங்கே மறுபக்கத்தையும் குறிக்கின்றது.

5,000 ரூபா காசு விற்பனையை நாளேட்டில் பதிவதாகக் கொள்வோம். நம் வழக்கில் காசுக் கணக்கு வரவு, விற்பனைக் கணக்கு செலவு. தமிழ்நாட்டு வழக்கில் எழுதிய கட்டுரை விற்பனைக் கணக்கில்தான் வரவு வைக்கச் சொல்லும். நம்மவர் அதைத் தம் வழக்கில் விளங்கிக்கொண்டால் பதிவு தலைகீழாகிவிடும். காசு 5,000 கூடுவதற்குப் பதிலாக 5,000 குறையும், வித்தியாசம் 10,000. இரு பக்கமும் சமமாக இருப்பதால் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். பரீட்சை மீதியும் சமப்படும். பரீட்சை மீதியில் வெளிப்படாத வழுக்கள் என நாம் படிப்பவற்றுள் இதுவும் ஒன்று. எனவே எந்த நாட்டு வழக்கில் எழுதுகின்றோம் என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

இரண்டாவது, திகதி. நம் நாட்டில் 15 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமானது. திகதி இல்லாத கட்டுரை பழைய வீதத்தையே கற்பித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, உதாரணம். அதன் தொகைகளை எழுதியவரே கூட்டிச் சரிபார்க்க வேண்டும். உண்மையான வாடிக்கையாளரின் கணக்கை உதாரணமாகக் காட்டலாகாது, அது அமானிதம்.

நான்காவது, நேர்மை. மென்பொருளை விற்பவரே கட்டுரையையும் எழுதும்போது அதனால் முடியாததையும் சொல்ல வேண்டும். மென்பொருள் பிழையின்றிக் கூட்டும். ஆனால் பற்றுச்சீட்டு உண்மையானதா என்பதை அது அறியாது.

இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பசியோலியின் நூல் 1494இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. அறிஞர்களின் இலத்தீனை விட்டு, வணிகர்களுக்கு விளங்கும் இத்தாலிய மொழியில் அவர் எழுதினார். வாசிப்பவரை மனதிற்கொண்டு எழுதுவதே அனைத்து நியமங்களுக்கும் அடிப்படை.

கடைக் கணக்கு வைக்கும் பெற்றோர்களே, ஒரு விளக்கத்தைப் பின்பற்றுமுன் அது எந்த நாட்டுக்கு, எந்த ஆண்டுக்கு உரியது என்று பாருங்கள். கணக்கீடு பயிலும் சகோதரிகளே, நாளை அத்தகைய விளக்கங்களை எழுதப்போவது நாம்தான். நம் சொல்லை நம்பி ஒருவர் தம் பணத்தைப் பதிவார் என்ற அச்சத்தோடு எழுதுவோம்.