ஸ்கேன் நாளில் எந்தக் குளிசையைப் போடுவது, எதை விடுவது?

கேள்வி: எனது வாப்பாவுக்கு 63 வயது. சீனியும் பிரஷரும் இருக்கின்றன. மாரி காலத்தில் முட்டும் வரும். நெஞ்சு நோவுக்காகக் கொழும்பில் சி.ரி. அஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல்நாளே எல்லாக் குளிசையையும் நிறுத்த வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. இறால் ஒத்துக்கொள்ளாததால் சாய ஊசிக்கும் வாப்பா பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, அட்டாளைச்சேனை

பதில்: சகோதரி, எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அற்றெனலோல், பிசோபுரலோல் போன்றவற்றைத் திடீரென விட்டால் இதயம் வேகமெடுத்து நெஞ்சு நோவு கூடலாம். இந்த ஸ்கேனுக்கோ இதயம் மெதுவாகத் துடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால்தான் இரத்தக் குழாய்களின் படம் கலங்காமல் விழும். அதனால் துடிப்பைக் குறைக்க மெற்றோபுரலோல் போன்ற மருந்தை அங்கேயே கொடுப்பதும் உண்டு. அந்த வகை மருந்து சிலருக்கு மூச்சுக் குழாயை இறுக்கும். ஆகவே முட்டு இருக்கும் விஷயத்தைப் போன உடனேயே சொல்லுங்கள். வேறு மருந்து கொடுக்கலாம். இழுக்கும் பம்ப் பையில் இருக்கட்டும்.

அடுத்தது, வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம். குழாய்களை விரிக்க நாக்குக்குக் கீழ் நைத்திரேற்று மருந்து கொடுப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், ரடாலாபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். மகளுக்கு முன்னால் எந்த வாப்பாவும் இதைச் சொல்ல மாட்டார். அதனால் வைத்தியரோடு அவர் தனியே பேச இரண்டு நிமிடம் விட்டுக்கொடுங்கள். போகுமுன் உங்கள் சகோதரரோ மச்சானோ இதை அவர் காதில் போட்டு வைக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைத்தால்தான் ஆபத்து.

இரவு பஸ்ஸில் போவதானால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று தேத்தண்ணி. அதிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் துடிப்பைக் கூட்டும். ஸ்கேனுக்கு முந்திய 12 மணி நேரம் இரண்டும் வேண்டாம். பனடோல் எக்ஸ்ட்ராவிலும் கஃபீன் இருக்கிறது; சாதாரண பனடோல் பரவாயில்லை. மற்றது சீனி மருந்து. இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். அன்றைய அளவைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நோன்பு காலமானால் அதையும் சொல்லுங்கள்.

மெற்போர்மின் பற்றிச் சிறுநீரகம்தான் தீர்மானிக்கும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈ.ஜி.எவ்.ஆர். 30க்குக் கீழ் இருந்தால் ஸ்கேனிலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, இரத்தம் பார்த்துத்தான் திரும்பத் தொடங்குவார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. அண்மைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

இறால் பயத்தை விடச் சொல்லுங்கள். இறால் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதிலுள்ள புரதம். சாய மருந்தில் உள்ள அயடீன் அல்ல. முன்பு ஏதாவது ஸ்கேனில் சாய ஊசி போட்டு உடம்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டா என்பதுதான் முக்கியம். இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பிற்பாடு அடினோசின் ஊசி போட்டுச் செய்யும் ஸ்கேனுக்கு அனுப்பினால் கணக்கு மாறும். அந்த மருந்தின் வேலையைக் கஃபீனும், முட்டுக்குக் கொடுக்கும் தியோபிலினும் தடுக்கும். முட்டுக்காரருக்கு அந்த ஊசியே ஆகாமல் போகலாம். எனவே ஒரு ஸ்கேனுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மாமா கேட்டதும் வேறொருவருடைய ஸ்கேனுக்குச் சொன்னதாக இருக்கலாம்.

வாப்பா போடும் எல்லா மருந்தையும், கடையில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, உறையோடு ஒரு பையில் போட்டுக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். இதற்கிடையில் நெஞ்சு நோவு கடுமையானால் ஸ்கேன் திகதிக்காகக் காத்திராமல், 1990க்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.