தட்டைத் திருப்பிப் பார், அப்புறம் விலை கேள்

பழைய காலத்துத் தட்டு, கும்பா, கிண்ணம் எல்லாம் வாங்கி வீட்டில் புழங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். நல்ல ஆசை. காரைக்குடிக்குப் போவதாகச் சொன்னதும் சரிதான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு காலைப்பொழுது போதாது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள். வாங்குவதில் சோறு போட்டுச் சாப்பிடப் போகிறாயா, அலமாரியில் வைத்துப் பார்க்கப் போகிறாயா? பார்ப்பதற்கு என்றால் விரிசல் விட்டதைக்கூட வாங்கலாம். வாய்க்குப் போகிற சாமான் என்றால் கண்ணும் காதும் விரலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

இந்தச் சாமான்கள் அங்கே எப்படி வந்தன என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்தில், திரும்பி வரும்போது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்த இனாமல், பீங்கான் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது இவை டஜன் கணக்கில் போயின. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாத் தொழில் ஒடிந்தது. அடுத்தடுத்த தலைமுறைகளில் பங்கு பிரித்து, வீடுகளை இடித்து விற்றபோது, தேக்குத் தூண்களோடு அடுக்களைச் சாமான்களும் கடைக்கு வந்தன. அதனால் கடைக்காரர் ‘அரண்மனைச் சாமான்’ என்று சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. அது ஒரு வீட்டின் கல்யாணச் சீர், அதுவே பெரிய பெருமை.

முதலில் இனாமல். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கி ஒட்டவைத்தது அது. பின்பக்கம் முத்திரை இருக்கும். ஸ்வீடனின் காக்கும்ஸ், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்றெல்லாம் காணலாம். உள்பக்கம், முக்கியமாக நடுக்குழியில், பூச்சு பெயர்ந்து கருப்புத் தெரிந்தால் சாப்பாட்டுக்கு எடுக்காதே. அந்த இடத்தில் துரு ஏறும், பெயர்ந்த துண்டு கண்ணாடிச் சில்லு என்பதையும் மறந்துவிடாதே. விளிம்பில் மட்டும் பெயர்ந்திருந்தால் முறுக்கு, சீடை, பழம் வைக்கலாம். கடையில் உள்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார். சில கடைகளில் பெயர்ந்த இடத்தில் பெயின்ட் அடித்து மூடியிருப்பார்கள். கண்ணுக்குத் தப்பினாலும் அங்கே கை வழுக்காமல் தட்டும்.

பீங்கானைத் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அடிவளையம் என்று ஒன்று இருக்கிறதே, தட்டு மேசையில் உட்காரும் விளிம்பு, அங்கே பெரும்பாலும் மெருகு இருக்காது. நிஜமாகவே பல வருஷம் புழங்கிய தட்டில் அந்த வளையம் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும். முன்பக்கம் கரண்டி உரசிய கோடுகள் வேறுவேறு திசையில், வேறுவேறு ஆழத்தில் இருக்கும். வேண்டுமென்றே பழசாக்கிய தட்டில் அழுக்கு எங்கும் ஒரே சீராக இருக்கும், கோடுகள் ஒரே திசையில் போகும். நீலத்தில் வில்லோ மரமும் பாலமும் இரண்டு பறவைகளும் உள்ள தட்டைப் பார்த்திருப்பாய். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த வடிவம் அது, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பழையதில் விளிம்புப் பூவேலையை மெல்லிய தாளில் அச்செடுத்து, வெட்டி ஒட்டியிருப்பார்கள். தாளின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் கோலம் சற்றே பிசகியிருக்கும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படு. அது ஒரு தொழிலாளியின் கைபட்ட இடம்.

முத்திரை எழுத்து வயதைச் சொல்லும். வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது, 1891இலிருந்து முத்திரைகளில் நாட்டுப் பெயர் பரவியது. ஜப்பான் சாமானில் ‘நிப்பான்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1921க்கு முந்தையது. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் போருக்குப் பின், 1952க்குள். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றால் 1918க்குப் பின்தான், அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று போட்ட தட்டை ‘நூறு வருஷத்துச் சாமான்’ என்று யாராவது சொன்னால் புன்னகையோடு கீழே வைத்துவிடு. அந்தப் பெயரில் நாடு இருந்தது 1949 முதல் 1990 வரை.

தட்டை மூன்று விரல் நுனியில் ஏந்தி, விளிம்பை நகத்தால் சுண்டு. கணீரென்று நீண்டு ஒலித்தால் உடம்பு முழுசாக இருக்கிறது. ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தேடு. மண்பாண்டம் போலக் கனத்த பழைய வகைகள் இயல்பிலேயே மங்கித்தான் ஒலிக்கும், அதையும் நினைவில் வை. மெருகில் வலைப்பின்னல் மாதிரி மயிரிழைக் கோடுகள் ஓடியிருந்தால் குழம்பும் எண்ணெயும் உள்ளே இறங்கும், கழுவினாலும் போகாது. அப்படிப்பட்டது சுவருக்கு.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேள். பழைய மெருகிலும் வண்ணத்திலும் காரீயம் இருக்கலாம், பளீர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் காட்மியமும் இருக்கலாம். புளிப்பு பட்டால் இவை கசியும். நம் சாப்பாட்டில் புளிப்பு இல்லாதது எது? புளிக்குழம்பு, ரசம், மோர், எலுமிச்சை ஊறுகாய் எல்லாமே புளிப்புதான். பழைய பீங்கான் ஜாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் ஊறுகாய் போட்டு வைக்காதே. வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் வண்ணத் தட்டில் தினசரிச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். விளிம்பில் மட்டும் வண்ணம் உள்ள, நடுவில் வெள்ளையான தட்டைத் தேர்ந்தெடு. அதையும் விசேஷ நாளில் எடு, ஈரமில்லாத பலகாரத்துக்கு வைத்துக்கொள். கேசரி, வடை, அதிரசம் போதாதா?

அப்புறம் நம் ஊர் உலோகம். உன் மனசு எங்கே போனாலும் நான் முதலில் வாங்கச் சொல்வது வெண்கலக் கும்பாதான். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். பித்தளையில் செம்போடு துத்தநாகம், சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலம் கல்தரையில் விழுந்தால் உடையும், பித்தளை நசுங்கும். வெண்கலத்தில் சூடான சோறு, பருப்பு, பாயசம் எல்லாம் போடலாம், ராத்திரி முழுக்கப் புளிப்பை வைக்கக் கூடாது. பித்தளைப் பாத்திரத்தில் உணவு வைப்பதானால் உள்ளே ஈயம் பூசியே ஆக வேண்டும், இல்லையென்றால் களிம்பு ஏறும்.

ஈயம் பூசுகிறவர் கிடைத்தால் பக்கத்தில் நின்று பார். பாத்திரத்தைக் கரி நெருப்பில் சுடவைத்து, நவச்சாரத் தூளைத் தூவுவார், வெள்ளைப் புகை எழும். ஈயத்தை ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரே சுழற்று சுழற்றுவார். மஞ்சள் உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்காதே. ஈயச்சொம்புக்கும் இதே விதி, ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பு. பழைய ஈயச்சொம்பு வாங்கினால் வெள்ளைத் தாளில் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் கலந்தது, அதை விட்டுவிடு. கூஜாவின் மூக்குச் சேரும் இடத்தில் மங்கலான சாம்பல் நிறப் பற்று தெரிந்தாலும் தண்ணீர் வைக்க வேண்டாம். பழைய பற்றவைப்பில் காரீயம் சேர்ப்பது வழக்கம்.

பாத்திரத்தின் கழுத்திலோ வயிற்றிலோ புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். அதை நிதானமாகப் படி. ‘உண்ணாமலை’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள். அதில் ‘ணா’ ஒற்றைச் சுழித்த எழுத்தாகவும், ‘லை’யின் தலையில் யானைத் துதிக்கை போன்ற கொக்கியும் இருந்தால், அது 1978ஆம் வருஷ எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து. பழைய பழக்கத்தில் பிறகும் சிலர் அப்படி வெட்டியிருக்கலாம், ஆனாலும் நல்ல தடயம். பெயர் வெட்டிய பாத்திரத்தை மெஷின் பாலிஷுக்குக் கொடுக்காதே, எழுத்து மழுங்கிப் போகும். வெளிப்பக்கத்துக்குப் புளியும் உப்பும் போதும், தேய்த்தவுடன் கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிடு. ஒருத்தி தாய் வீட்டிலிருந்து கொண்டுபோன பாத்திரம் அது. பெயரை அழித்துவிட்டு உன் பெயரை வெட்டாதே, இடமிருந்தால் கீழே சேர்த்துக்கொள்.

வெள்ளி மாதிரி மின்னும் கரண்டிகளில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். வெள்ளி விலை கொடுக்காதே.

முழு செட்டாகத் தேடி அலையாதே. ஆறு தட்டு ஒரே மாதிரி கேட்டால் விலை ஏறும், அதில் ஒன்று உடைந்தால் மனசும் உடையும். நீலம் வெள்ளை என்று ஒரு நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர். பந்தியில் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் போலத் தெரியும். பீங்கானைக் குளிர்ச்சியாக எடுத்துச் சுடச்சுடப் பொங்கலை வைக்காதே, வெதுவெதுப்பான நீரில் ஒரு தடவை அலசிவிட்டு வை. தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவில் காட்டாதே. அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு நடுவே பழைய வேட்டித் துணி, கோப்பையைக் காதைப் பிடித்துத் தொங்கவிடாதே.

சிங்கப்பூரில் இருக்கும் சின்னவளுக்கும் இரண்டு அனுப்பலாம் என்று நினைப்பாய். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை நம் நாட்டிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோக 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. அந்த வயது ஆகாத சாமான் என்றாலும் பார்வைக்குப் பழசாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையில், இது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பயணத் தேதிக்கு நிறைய நாள் முன்னதாகவே கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்.