புயலைத் தேடி வராதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வெள்ளிமலையில் வீட்டு மாடியில் நின்றபடி, இரவில் தலைக்கு மேலே போகும் விமானங்களை விடாமல் பார்த்து வருகிறாய் என்று படித்தபோது உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "வர்ற நவம்பர்ல புயல் வந்தா மெட்ராஸ் கிளம்பி வந்துடறேன் அண்ணா. ராத்திரி பிளைட் எறங்குறதை எங்க நின்னு எடுக்கலாம்?"

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: புயல் அடிக்கிற இரவில் இறங்குவதற்கு விமானமே இருக்காது. ஆனால் உன் கேள்வியை உன் வயதில் பலரும் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30ஐ எடுத்துக்கொள். ஃபெஞ்சல் புயல் நெருங்கியதும் நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். மறுநாள் அதிகாலையில்தான் திறந்தார்கள். புயல் புதுச்சேரி அருகே கரையேறியதோ அன்றிரவு பத்தரை மணிக்கு மேல். அது உச்சத்தில் இருந்த நேரம் முழுவதும் ரன்வே காலி. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம் வந்தபோதும் நிலையம் மூடிக்கிடந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் ரன்வேக்குள் புகுந்து நாள்கணக்கில் போக்குவரத்து நின்றுபோனது. அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டியிருந்தது.

அதே ஃபெஞ்சல் கரையேறிய பிறகும் நகராமல் நின்று விழுப்புரத்தையும் உங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் என்ன பாடு படுத்தியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் மட்டும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. அப்படியொரு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுபவன், மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை வைக்கிறான். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடு.

நவம்பர் 30 அன்று சென்னை நிலையத்தை மூடுவதற்கு முன் எடுத்த ஒரு காணொளியை நீயும் பார்த்திருப்பாய். மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ரன்வேயை நெருங்கி, பக்கக் காற்றில் சாய்ந்து, மறுபடி மேலே ஏறிப் போகிறது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். "மயிரிழையில் தப்பியது", "பெரும் விபத்து தவிர்ப்பு" என்ற தலைப்புகளோடு அது ஊரெல்லாம் சுற்றியது. உண்மையில் அங்கே நடந்ததன் பெயர் கோ அரவுண்ட். இறங்குவதற்கான நிலைமை சரியில்லை என்று விமானி தீர்மானித்து, என்ஜின்களுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறுவது. ஒவ்வொரு விமானியும் இதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்தான். அந்தக் காணொளியில் நாம் பார்த்தது ஒரு விமானி தன் வேலையைச் சரியாகச் செய்ததை.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கோழிக்கோட்டைச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 7, மழை இரவு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் முதல் முயற்சியில் இறங்காமல் மேலே ஏறியது. இரண்டாவது முயற்சியில், பின்காற்றோடு, இறங்கு நிலை சீராக இல்லாதபோதும் தொடர்ந்து இறங்கி, நனைந்த ரன்வேயில் தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டு, முனையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அந்த இரவில் மேலே ஏறிய முதல் முயற்சி யாரையும் கொல்லவில்லை.

நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம் இதுதான். விமானம் பார்ப்பவன் ஒரு சாட்சி. வேலியோரம் நின்று, நிலையத்துக்குள் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறான். அதை நடந்தது நடந்தபடி சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் எவ்வளவு அழகாக வந்தாலும், அதில் நடப்பது என்னவென்று தெரியாதவன் எடுத்த படம் வதந்திக்குத் தீனியாகத்தான் போகும். ஆகவே முதலில் வானத்தைப் படி, பிறகு காற்றைப் படி. கேமரா அப்புறம் வரட்டும்.

இதைப் படிக்க உங்கள் கல்வராயன் மலையைவிட நல்ல இடம் அமைவது கடினம். நீ தேடும் இடி மின்னல் இரவுகள் நவம்பர் புயலைவிட அதிகமாக ஜூலை முதல் செப்டம்பர் வரை கிடைக்கும். மதிய வெயிலில் மலைகளின் மேல் மேகம் குவியும். மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அது கிழக்கே தள்ளப்படும். ஒரே மேகம் அப்படியே கடற்கரைக்குப் போவதில்லை. ஒன்று பெய்து ஓயும்போது அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று, முன்னால் இருக்கும் வெப்பக் காற்றைக் கிளப்பிவிட, அங்கே புதிய மேகம் எழும். உங்கள் மலையில் எழுவது பெரும்பாலும் விழுப்புரம், புதுச்சேரி பக்கம் போகும். வடக்கே சவ்வாது மலைப் பக்கம் எழுவது பல நாள் இரவில் காஞ்சிபுரம் தாண்டிச் சென்னையை எட்டிவிடும். மீனம்பாக்கம் விமான நிலையப் பக்கம் இருப்பவன் இரவில் பார்க்கும் இடியை உன்னால் மாலையிலேயே ஊகிக்க முடியும்.

வரைபடத்தில் சென்னைக்கும் கோவைக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பார். கல்வராயனுக்குச் சற்று வடக்கே போகும். சென்னைக்கும் திருச்சிக்கும் கோடு போட்டால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் வரும். மேகம் திரண்ட இரவில் அந்த ஊர்களுக்குப் பறக்கும் விமானங்கள் இந்தக் கோடுகளை விட்டு விலகிப் போகும். இடிமேகத்துக்குப் பல மைல் தள்ளிச் சுற்றிப் போவதுதான் வழக்கம். சென்னையில் இறங்க முடியாதவை பெங்களூருக்கோ திருச்சிக்கோ திருப்பி விடப்படும். இவற்றை வெறும் கண்ணாலேயே நீ கவனிக்கலாம்.

ஒரு சுமாரான பைனாகுலர் கிடைத்தால் விளக்குகளைப் பழகிக்கொள். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் உன் இடக்கைப் பக்கம் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலக்கைப் பக்கம். இரண்டும் தெரிந்து, சிவப்பு உன் வலப்பக்கம் இருந்தால் உன்னை நோக்கி வருகிறது. மழை இரவில் வேலியோரம் நிற்கும்போது விமானத்தின் உருவமே தெரியாது, விளக்குதான் தெரியும்.

ஒரு நோட்டுப் போடு. நேரம், திசை, விளக்கு, மேகம் எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து, இவ்வளவு போதும். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் நாளில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் பழைய பயணங்களை எடுத்து உன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார். சென்னை நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பையும் படிக்கக் கற்றுக்கொள். அதில் 24015ஜி28 என்று இருந்தால், காற்று 240 டிகிரியிலிருந்து 15 நாட் வேகத்தில் வீசுகிறது, இடையிடையே 28 வரை எகிறுகிறது என்று பொருள். ரன்வே எண்ணும் இதே கணக்குதான். சென்னையின் பெரிய ரன்வே ஒரு முனையில் 07, மறுமுனையில் 25. அதாவது 70 டிகிரி, 250 டிகிரி. விமானம் எதிர்காற்றில் இறங்கும். அதனால் மேலைக்காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கமிருந்து வந்து 25இல் இறங்கும். வாடைக்காற்று வீசும்போது மேற்குப் பக்கமிருந்து வந்து 07இல் இறங்கும். இடிமேகம் நெருங்கும்போது காற்று சட்டென்று திசை மாறும். அப்போது வரிசையில் இருந்த விமானங்களை ரன்வேயின் மறுமுனைக்குத் திருப்புவார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தைப் புரிந்துகொண்டு பார்ப்பதற்கு இணையாக வேறெதையும் நான் இந்தப் பொழுதுபோக்கில் கண்டதில்லை.

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் இருப்பது உனக்குத் தெரியும். செயற்கைக்கோள் வரைபடத்தில் அதைத் தேடிப் பிடித்து, அதன் இரு முனைகளுக்கும் எண் என்ன வரும் என்று கணக்குப் போட்டு எழுது. நிஜ விமானம் பார்க்க ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் போ. ஓமலூர் பக்கம் காமலாபுரம் நிலையத்தில் 2023 அக்டோபரிலிருந்து மறுபடி விமானங்கள் வந்து போகின்றன. ஏ.டி.ஆர். விமானத்தின் புரொப்பெல்லர் சத்தத்தை நிலத்தில் நின்று கேள். சென்னை அதற்குப் பிறகு.

மின்னல் விஷயத்தில் கண்டிப்பாக இரு. ஒளி தெரிந்து சத்தம் வர 3 நொடி ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் சத்தம் கேட்டாலே மாடியை விட்டு இறங்கிவிடு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி மேலே போக வேண்டும். பாறை உச்சியும் தனிமரத்தடியும் அந்த நேரத்தில் ஆகாது. மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலியைப் போனில் வைத்துக்கொள்.

சட்டத்தையும் தெரிந்துகொள். 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 13ஆம் விதிப்படி, அரசு விமான நிலையத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. வெளியே பொது இடத்தில் நின்றாலும் போலீஸ்காரர் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல், போகச் சொன்னால் போய்விடு. தாம்பரம் விமானப்படைத் தளம், ராஜாளி போன்ற இடங்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதே. ட்ரோன் வேண்டவே வேண்டாம். விமானிகளின் பேச்சைக் கேட்கும் ரேடியோவும் வேண்டாம். 2010இல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியிலிருந்து இப்படிக் கண்காணித்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, அபராதம் கட்டிய பிறகே ஊர் திரும்பினார்கள். 2001இல் கிரேக்க நாட்டின் கலமாட்டாவில் 14 பேர், கையில் இருந்த குறிப்பு நோட்டுகளால் ஒற்றர்கள் என்று வழக்கில் சிக்கினார்கள். மறு ஆண்டு மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது, அது பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இவ்வளவும் கைவந்த பிறகு ஓர் ஆகஸ்ட் மாதம் சென்னைக்கு வா. பரங்கிமலைப் பக்கம், மழைக்கு ஒதுங்கக் கூரை இருக்கிற இடமாகப் பார்த்து நிற்போம். லென்ஸுக்கு ஹூட் போட்டு, கேமராவைப் பாலிதீன் பையில் சுற்று. ஃபோகஸைக் கையால் வை. ஆட்டோவில் விட்டால் அது மழைத்துளியைப் பிடித்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கி, விமானத்தோடு கேமராவையும் சேர்த்து நகர்த்து. இறங்கு விளக்கின் ஒளியில் மழை கோடுகோடாகத் தெரியும். இறக்கையின் மேல் ஈரக்காற்று வெண்புகையாகச் சுருளும்.

அந்த இரவில் ஏதாவது ஒரு விமானம் கோ அரவுண்ட் போகலாம். நீ அதை எடுத்துவிட்டால் உடனே பதிவேற்றத் துடிப்பாய். அப்போது படத்தின் கீழே நான்கு விஷயம் எழுது: நேரம், ரன்வே, காற்று, விமானம் செய்தது என்ன. உறுதியாகத் தெரியாததை எழுதாதே. 'திகில்', 'மரண பயம்' போன்ற சொற்களைத் தொடாதே. அந்த விமானத்தில் வருகிற பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் முதலில் பார்ப்பது உன் படமாக இருக்கலாம். விமானி சரியான முடிவு எடுத்திருக்கிறார், சுற்றி வந்து இறங்குவார் என்று அந்தத் தாய்க்கு உன் எழுத்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்