எண்ணெய்க் கப்பல் எங்கே போகிறது?

நம்பிக்கை: கைபேசியில் கப்பலின் பெயரைத் தட்டினால், இருக்கும் இடமும் போகும் ஊரும் அப்படியே தெரிந்துவிடும்.

உண்மை: இடமும் வேகமும் ஜிபிஎஸ் வழியாகத் தாமாகவே கப்பலின் விவரங்களை வானொலி அலையில் அனுப்பும் ஏஐஎஸ் (தானியங்கி அடையாள அமைப்பு) கருவிக்குப் போய்விடுகின்றன. போய்ச்சேரும் துறைமுகத்தை மாலுமிகள்தான் கையால் பதிகிறார்கள். கப்பல் எத்தனை மீட்டர் நீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதும் அப்படித்தான். மாற்ற மறந்தாலும் பொய்யாக எழுதினாலும் திரை அதையே காட்டும்.

ஜிப்ரால்டரில் தடுத்துவைக்கப்பட்டு 2019 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட 'ஏட்ரியன் டார்யா 1' என்ற கப்பல், ஈரானின் எண்ணெய்யுடன் புறப்பட்டது. கிரேக்கத்தின் கலமாட்டாவுக்குப் போவதாக முதலில் அறிவித்தது. 20 லட்சம் பீப்பாய்க்கு மேல் கொள்ளும் கப்பலை ஏற்கும் வசதி அங்கே கிடையாது. ஆனாலும் அந்த அறிவிப்பு உலகமெங்கும் செய்தியானது. பிறகு துருக்கியின் மெர்சின் என்று மாற்றியது. அங்கேயும் போகவில்லை. செப்டம்பர் 2-ம் தேதி சிரியாவுக்கு மேற்கே சிக்னல் நின்றது. சில நாள் கழித்து, சிரியாவின் டார்டஸ் அருகே அது நிற்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டியது. மாலுமி தட்டச்சு செய்த ஒரு சொல்லை நம்பித் தலைப்பு போடுவது செய்தியாளர் வேலை ஆகாது.

நம்பிக்கை: கப்பலை அடையாளம் காணப் பெயர் தெரிந்தால் போதும்.

உண்மை: இதே கப்பல் அதற்கு முன் பனாமாக் கொடியுடன் 'கிரேஸ் 1' என்று ஓடியது. கொடி மாறினால், நாட்டைக் குறிக்கும் இலக்கங்களில் தொடங்கும் எம்எம்எஸ்ஐ என்ற வானொலி அடையாள எண்ணும் மாறும். கப்பலை உடைக்கும்வரை மாறாதது ஏழு இலக்க ஐஎம்ஓ (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண். இதனுடையது 9116412. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 112 வரும். அதன் கடைசி இலக்கமான 2-தான் ஏழாவது இலக்கம். மனம்போன போக்கில் போட்ட போலி எண் பெரும்பாலும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். உடைத்துவிட்ட வேறொரு கப்பலின் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் கணக்கு உதவாது. படங்களையும் பழைய பதிவுகளையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: திரையில் கப்பலைக் காட்டும் புள்ளி மறைந்தால் ஏதோ விபரீதம்.

உண்மை: டாங்கரில் பிள்ளையையோ கணவரையோ அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களை வதைப்பது இதுதான். ஏஐஎஸ் வானொலி அலையில் இயங்குவது. கரையிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தாண்டினால் கரை நிலையங்களுக்குக் கேட்காது. அதற்கு அப்பால் செயற்கைக்கோள் பிடிக்கும் தகவல் பல இலவசச் செயலிகளில் வருவதில்லை. கடற்கொள்ளையர் அபாயம் இருந்தால் கேப்டனே கருவியை அணைக்கவும் விதி இடம் தருகிறது. பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய கப்பல்கள் தனி வழியில், வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, கொடி நாட்டு அரசுக்கு இடத்தைத் தெரிவிக்கின்றன. அது பொதுமக்களின் திரைக்கு வராது.

ஆகவே புள்ளி காணாமல் போனதும் வாட்ஸ்அப்பில் எதையும் பரப்பாதீர்கள். ஐஎம்ஓ எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு அனுப்பிய நிறுவனத்தை முதலில் கேளுங்கள்.