மாரியில் வண்டியை எப்போது நிறுத்துவது?



இடம்பெயர்ந்து வாழும் நமக்கு லொறியும் உழவு இயந்திரப் பெட்டியும்தான் கால்கள். விதைநெல், பசளை, நிவாரணப் பொதி, பாடசாலைப் பிள்ளைகள், நோயாளிகள் எல்லாம் அவற்றிலேயே போகின்றன. மாரி காலத்தில் இந்தக் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் சிந்திப்போம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரம் ஒன்று பெட்டியுடன் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்தவர்கள் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்கள். பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, ஆகவே கடந்துவிடும் என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் உண்டு. அது சரியா?

1. பெட்டி ஏன் மிதக்கிறது?

10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் தளத்துக்கு மேல் அரை அடி தண்ணீர் ஏறினால், பெட்டி 30 கன அடி தண்ணீரை விலக்குகிறது. ஒரு கன அடி தண்ணீரின் நிறை 28 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆகவே பெட்டிக்குள் தண்ணீர் நிறையுமுன், வெள்ளம் அதைச் சுமார் 850 கிலோ விசையுடன் மேலே தூக்குகிறது. அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு நெல் மூட்டைகளின் பாரம் குறைந்துவிடுகிறது. சில்லுகளுக்குப் பிடி இல்லாமற் போகிறது. பெட்டி பக்கவாட்டில் இழுபடும்போது இயந்திரத்தையும் சேர்த்தே இழுக்கிறது.

பாரம் ஏற்றினால் பயமில்லை என்பதும் தவறு. தாம்போதியின் ஓரமும் மதகின் அடிமண்ணும் வெள்ளத்தில் கரைந்து போயிருக்கலாம். கலங்கிய நீரில் அது தெரியாது. பாரமான லொறிதான் அங்கே முதலில் புதையும். இன்னொன்றையும் நினைவில் வைப்போம்: நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும்.

2. நிறுத்த வேண்டிய ஐந்து அடையாளங்கள்

அ) வீதியைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடுகிறது, வீதியின் தளம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆளை இறக்கி முன்னே நடக்கவிட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

ஆ) இருட்டிவிட்டது, முன்னால் வெள்ளம். இரவில் ஆழத்தையும் ஓட்டத்தையும் மதிக்க முடியாது.

இ) மழையில் வீதியின் ஓரம் தெரியவில்லை. மரத்தடியையும் மண்மேட்டின் அடிவாரத்தையும் விட்டு, வீதிக்கு வெளியே மேட்டு நிலத்தில் வெளிச்சம் போட்டு நிறுத்த வேண்டும்.

ஈ) காற்று லொறியைப் பக்கமாகத் தள்ளுகிறது, மரக்கிளைகள் முறிகின்றன.

உ) இடி கேட்கிறது. மூடிய லொறியின் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. திறந்த உழவு இயந்திரத்தில் இருப்பவருக்கு இல்லை. எல்லோரும் இறங்கி உறுதியான கட்டிடத்துக்குள் போக வேண்டும்.

மழை விட்டாலும் அவசரம் வேண்டாம். குளம் வான் பாய்ந்தாலோ வான்கதவு திறந்தாலோ, வெயில் எறிக்கும் இடத்திலும் வெள்ளம் ஏறும்.

3. முடிவு யாருடையது?

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். மாரி நெருங்கிய வேளையில் இனிப் பயணம் ஆபத்து என்று பவுலடியார் எச்சரித்தார். ஆனால் பொறுப்பான படை அதிகாரி கப்பலோட்டியையும் கப்பற் சொந்தக்காரரையும் நம்பினார். தங்கியிருந்த துறைமுகம் வசதியில்லை, மெல்லிய தென்றல் வேறு வீசியது. புறப்பட்டார்கள். பின்பு வந்த புயலில் கப்பலும் சரக்கும் அழிந்தன. அதிலிருந்த 276 பேரும் உயிர் தப்பியது இறைவனின் இரக்கம்.

நமது வீதிகளிலும் இதுவே நடக்கிறது. சொந்தக்காரருக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும். பயணிகளுக்கு வீடு போய்ச் சேர வேண்டும். சாரதி கூலிக்காரர். “பயமா?” என்று ஒருவர் கேட்டாலே அவர் வண்டியை எடுத்துவிடுகிறார். தண்ணீரின் ஓரத்தில் நின்று, பின்னால் இருபது பேர் அவசரப்படும்போது, நல்ல முடிவு எடுப்பது கடினம். ஆகவே அந்த முடிவை மாரிக்கு முன்பே ஊர் கூடி எடுத்துவிட வேண்டும்.

4. மாரிக்கு முன் செய்யக்கூடியவை

• கோடையில் ஒவ்வொரு தாம்போதியின் இரு கரைகளிலும் கம்பம் நட்டு, வீதியின் தள மட்டத்தில் சிவப்புக் கோடு இடுங்கள். கோடு தண்ணீரில் மறைந்தால் எந்த வண்டியும் போகக்கூடாது.

• சாரதி “முடியாது” என்றால் அதுவே கடைசிச் சொல் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். ஒருவருக்கும் அவரை நிர்ப்பந்திக்கும் உரிமை இல்லை.

• அப்படி நின்ற நாளுக்குச் சாரதியின் கூலியை வெட்டக்கூடாது. அந்தச் செலவைச் சொந்தக்காரரும் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம்.

• வழியில் தங்க இரண்டு மேட்டு இடங்களைத் தெரிந்து வையுங்கள்: கோயில், பாடசாலை, பொதுமண்டபம்.

• புறப்படுமுன் வானொலிச் செய்தியைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நனைந்த நெல்லை மறுநாள் காயவைக்கலாம். பிந்திய பயணத்தை மறுநாள் தொடரலாம்.

கலந்துரையாடுவதற்கு

1. நமது ஊரில் முதலில் வெள்ளம் மூடும் இடம் எது? அங்கே கம்பம் உண்டா?
2. சாரதி நிறுத்த விரும்பியும் நாம் அவரை அவசரப்படுத்திய நாட்கள் உண்டா? ஏன் அப்படிச் செய்தோம்?
3. நின்ற நாளின் கூலியை எப்படிப் பகிர்வது?